வேலூர் வெயிலில் பூச்செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் மலையைப் பார்த்த வீடு எங்களுடையது. முன்வாசலில் நாலடி மண், மாடியில் அறுபது எழுபது தொட்டி. பால் வாங்கப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் செடியைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அதே பதினைந்து, இருபது கேள்விதான். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோய் எழுதி வைத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். காய்கறியும் பழமரமும் இதில் இல்லை. பூச்செடியும் அழகுச் செடியும் மட்டும்தான்.

இந்த வெயில்ல பூச்செடியெல்லாம் வருமாங்க? சும்மா ஆசைக்குக் கேக்குறேன்.

வரும். சந்தேகம் இருந்தால் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு நடை போய் நடுத்திட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தார், லாரிப் புகை, நிழலே கிடையாது. அங்கே அரளியும் காகிதப்பூவும் மே மாதத்தில் பூத்துக் குலுங்குகின்றன. உங்கள் வீட்டு வாசல் அதைவிட மோசமான இடமா என்ன?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி 1981-ல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அரசன் கதை நமக்கு வேண்டாம். மீதி இரண்டும்தான் செடி வளர்க்கிறவர்களின் பிரச்சினை. மொட்டைப் பாறை பகலெல்லாம் சூடு வாங்கி ராத்திரியில் கக்குகிறது, அதனால் இரவிலும் செடிக்கு ஓய்வு இல்லை. பாலாறு காய்ந்து கிடப்பதால் போர் தண்ணீரை நம்பியிருக்கிறோம், அது பல தெருக்களில் உப்பு. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் பார்த்தவரை இங்கே வெயிலில் செத்த செடிகளைவிட, வெயிலுக்குப் பயந்து நாம் செய்த வைத்தியத்தில் செத்தவையே அதிகம்.

சுலபத்துல சாகாத செடியா நாலு சொல்லுங்க, போதும்.

காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ. இவை நாலும் முழு வெயில் கேட்பவை. இன்னும் வேண்டுமென்றால் அடீனியம், நந்தியாவட்டை, பவழமல்லி. அரை நிழல் இடத்துக்குக் கனகாம்பரம், குரோட்டன்ஸ். வீட்டுக்குள் பாம்புக் கற்றாழையும் மணி பிளான்ட்டும்.

முதல் செடியாக ரோஜா வாங்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள், அதோடு தோட்ட ஆசையே போய்விடுகிறது.

எந்த மாசம் வெக்கணும்?

ஆடிக்குப் பிறகு. நமக்கு வடகிழக்குப் பருவமழை மட்டுமில்லை, ஜூலை, ஆகஸ்டிலும் சாயங்கால இடிமழை கிடைக்கும். அந்த ஈரத்தில் வேர் பிடித்துவிட்டால், அடுத்த கத்திரி வெயில் வருவதற்குள் செடிக்கு எட்டு ஒன்பது மாத அனுபவம் ஆகிவிடும். மாசி, பங்குனியில் நர்சரியில் பூவோடு இருக்கிறதே என்று வாங்கி வைத்தால், வேர் இறங்குவதற்குள் 40 டிகிரி வந்துவிடும்.

டெய்லி ரெண்டு வேள தண்ணி ஊத்திக்கினே கீறேன், அப்பவும் காஞ்சு போவுதுக்கா.

அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஊற்றுவதற்கு முன்னால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மேல் மண் வெளுத்துக் காய்ந்திருக்கும், உள்ளே சேறாக இருக்கும். வேருக்குக் காற்று இல்லாமல் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது, செடி வாடும். வாடியதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். அதோடு கதை முடிந்தது.

நேர்மாறான தப்பும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு வேளையும் ஒரு டம்ளர் ஊற்றுவது. மேல் அங்குலம் மட்டும் நனைந்து ஆவியாகிவிடும், அடி வேர் வறண்டே கிடக்கும். ஊற்றினால் தொட்டியின் அடித்துளையில் வழிகிறவரை ஊற்ற வேண்டும். பிறகு விரல் சொல்கிறவரை காத்திருக்க வேண்டும். மே மாதத்தில் மாடித் தொட்டிக்கு இது தினமும் காலையில் என்று வரும், சின்னத் தொட்டிக்குச் சாயங்காலமும் ஒரு முறை. தரையில் ஊன்றி இரண்டு வருடம் ஆன அரளிக்கு வாரத்துக்கு ஒரு முறையே தாராளம்.

செம்பருத்தி மாதிரி அகல இலைச் செடிகள் மதியம் ஒரு மணிக்குத் துவண்டு நிற்கும். பயப்பட வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் அது தாகமில்லை, வெயிலுக்குத் தலை குனிந்தது. காலை ஆறு மணிக்கும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மத்தியானம் ஊத்தினா செடி வெந்துடும்னு சொல்றாங்களே, நெஜமா?

இலை மேல் நிற்கிற நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி சுட்டுவிடும் என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. ஆனால் வேறொரு வழியில் நிஜமாகவே வேகும். மாடியில் வெயிலில் கிடக்கிற ஓஸ் பைப்பிலும் கருப்பு டேங்கிலும் இருக்கும் தண்ணீரை மதியம் கையில் பிடித்துப் பாருங்கள், வெந்நீர். அதை நேரே வேரில் ஊற்றினால் எந்தச் செடி தாங்கும்? காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். அவசரத்துக்கு மதியம் ஊற்றியே ஆக வேண்டுமென்றால் பைப்பில் முதலில் வருவதைப் பக்கெட்டில் பிடித்து ஆறவிடுங்கள்.

மண்ணு என்ன கலக்கணும்? நம்ம ஊர் செம்மண் மட்டும் போதாதா?

தரையில் போதும், தொட்டியில் போதாது. தொட்டிக்குள் வெறும் செம்மண் நாலு மாதத்தில் செங்கல் மாதிரி இறுகிவிடும். ஊற்றுகிற தண்ணீர் ஓரமாகவே வழிந்து ஓடும். நான் கலப்பது இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மட்கிய சாண எரு, ஒரு பங்கு கொக்கோபிட் (தேங்காய் நார்த் தூள்), ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அடீனியத்துக்கு மட்டும் கொக்கோபிட்டை விட்டுவிட்டு, பாதிக்குப் பாதி பொடித்த செங்கல் ஜல்லியும் மணலும். பச்சைச் சாணம் போடாதீர்கள், சூடு கிளப்பி வேரைக் கெடுக்கும்.

அதைவிட முக்கியம் மேலே போடுகிற மூடாக்கு. எங்கள் பக்கத்தில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பஞ்சமில்லை. அதன் ஓடுகளை இரண்டு அங்குலம் பரப்பிவிட்டால் மண் சூடேறாது, ஈரம் நிற்கும், ஒரு வருடத்தில் மட்கி எருவுமாகிவிடும். காய்ந்த இலையும் சரிதான். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காமல் விரல்கடை இடம் விடுங்கள்.

மாடியில வெச்சா தளம் தாங்குமா? ஒழுகாதா?

12 அங்குல அகலமும் உயரமும் உள்ள ஒரு பையில் ஏறக்குறைய 20 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் 25 கிலோ வரை வரும். முப்பது பையை நடுவில் ஒரே இடத்தில் குவிப்பது தப்பு. சுவர் ஓரமாக, கீழே உத்திரம் போகிற கோட்டின் மேல் வரிசையாக வையுங்கள். மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஒழுகுவது தொட்டியால் வருவதைவிடத் தொட்டிக்கு அடியில் தேங்கும் ஈரத்தால் வருகிறது. நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளத்தின் சூடு நேராக வேருக்கு ஏறாமல் இருக்கவும் அதுதான் வழி. அடியில் தட்டு வைக்கிறவர்கள் வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துவிடுங்கள், டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீரே போதும்.

பச்சை வலை கட்டணுமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். 50 சதவீத நிழல்வலை, மார்ச் நடுவிலிருந்து ஜூன் முடியும் வரை, ஏழெட்டு அடி உயரத்தில், காற்று புகுகிற மாதிரி. கீழே குரோட்டன்ஸ், கனகாம்பரம், ரோஜா, இந்த வருடம் வைத்த கன்றுகள் இருக்கட்டும். காகிதப்பூ, அடீனியம், பத்துமணிப்பூவை வலைக்குள் கொண்டுபோனால் பூ நின்றுவிடும். ஆடிக் காற்றுக்கு முன் அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துத் தெருவில்தான் தேட வேண்டும்.

நர்சரியில பூ கொட்டிக் கெடந்துச்சு காகிதப்பூ, எங்க வீட்டுக்கு வந்ததும் வெறும் இலைதான். ஏன்?

நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டதால்தான். தண்ணீரும் எருவும் தாராளமாகக் கிடைத்தால் காகிதப்பூ கொடியை நீட்டிக்கொண்டே போகும். கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும். விரல் சோதனையில் உள்ளேயும் காய்ந்திருந்து, இலை லேசாகத் தொங்கத் தொடங்கும்போது ஊற்றுங்கள். ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். சாண எருவும் கடலைப் புண்ணாக்கும் பூக்கும் பருவத்தில் வேண்டாம். ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் கொடி நுனிகளை வெட்டிவிட்டால் புதுத் துளிரில் அடுத்த சுற்று வரும்.

கலர் கலராகத் தெரிவது பூவிதழ் கிடையாது, நிறம் மாறிய இலைதான். உண்மையான பூ நடுவில் சின்னதாக வெள்ளைக் குழல் மாதிரி நிற்கும். அதனால்தான் அத்தனை நாள் வாடாமல் தாங்குகிறது.

பெங்களூர் லால்பாக் போயிருந்தப்ப வாங்கியாந்த செடி, ஒரே மாசத்துல போயிடுச்சே?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வேலூர் 200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ரயிலில் மூன்று நாலு மணி நேரம்தான், செடிக்கு அது வேறு தேசம். பகல் வெயிலை வலை கட்டிச் சமாளிக்கலாம், முதல் கேள்வியில் சொன்ன அந்த ராத்திரிப் புழுக்கத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஹைட்ரான்ஜியா, ஃப்யூசியா இரண்டையும் நானும் ஆசைப்பட்டு வாங்கி வந்து அழுதிருக்கிறேன். அங்கே போனால் பூவைப் பாருங்கள், படம் எடுங்கள், செடியைக் காட்பாடி பக்கத்து நர்சரியில் வாங்குங்கள்.

உள்ளூர் நர்சரிச் செடியும் வலை நிழலில் வளர்ந்ததுதான். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் நிழலில், அடுத்த வாரம் காலை வெயிலில், அப்புறம்தான் முழு வெயில். முதல் பத்து நாளில் பாதி இலை கொட்டினால் தொட்டி மாற்றாதீர்கள், உரம் போடாதீர்கள், சும்மா இருங்கள்.

இட்லிப்பூ இலையெல்லாம் மஞ்சளாகுது. தொட்டி மேல வேற வெள்ளையா படியுது. என்ன நோய்?

நோயில்லை, தண்ணீர். தொட்டியின் வெளிப்பக்கமும் மண் மேலும் படிகிற வெள்ளைத் தூள் போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை நான் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பே கொடுத்த விவகாரம் அது. ஆலை இல்லாத பக்கமும் பாறை இடுக்கில் ஊறிவரும் ஆழ்போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினமானதுதான்.

நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக இருந்தால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்புத் தன்மையால் வேரால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, சாயங்காலத்தில் இலை மேல் தெளியுங்கள், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. தரையில் பட்டால் துருக்கறை பிடிக்கும், வெள்ளை டைல்ஸ் வீட்டுக்காரர்கள் கவனம்.

உப்புக்கு வைத்தியம் மழைதான். மழைக்காலத்தில் தொட்டிகளை நன்றாக நனையவிடுங்கள். கோடையில் நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு பங்கு மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே கழுவி விடுங்கள். போர் தண்ணீர் ரொம்ப உப்பாக இருக்கிற வீட்டில் இட்லிப்பூவோடு மல்லுக்கட்டாமல் அரளி, காகிதப்பூவுக்கு மாறிவிடுவது நல்லது.

ஆர்ஓ மெஷின்லேந்து வர கழிவுத் தண்ணிய ஊத்தலாமா? ஏசி தண்ணி?

ஏசி தண்ணீர் ஊற்றலாம், அதில் உப்பே கிடையாது. ஆர்ஓ கழிவு நேர் எதிர். உள்ளே போகிற தண்ணீரில் உப்பளவு (டிடிஎஸ்) 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி குடிதண்ணீராகவும் பாதி கழிவாகவும் பிரிந்தால் கழிவில் ஏறக்குறைய 1500 இருக்கும். அதையே தினமும் தொட்டியில் ஊற்றினால் மேலே சொன்ன வெள்ளைப் படிவம் இரட்டை வேகத்தில் ஏறும். வாசல் கழுவுங்கள், வண்டி கழுவுங்கள். வீணாகிறதே என்று மனசு கேட்கவில்லையென்றால் தரையில் இருக்கிற அரளிக்கு எப்போதாவது ஊற்றலாம். இரண்டு தண்ணீரையும் ஒரே பக்கெட்டில் கலந்து ஊற்றுகிற ஒரு புத்திசாலியையும் எனக்குத் தெரியும். அவர் வீட்டுச் செடிகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

அரிசி கழுவின தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர் கூடாது.

ரோஜா மட்டும் ஆள் உயரத்துக்கு வளருது, ஒரு பூ இல்ல.

அது நீங்கள் வாங்கிய ரோஜாவே இல்லாமல் இருக்கலாம். கடையில் விற்பது ஒட்டுச் செடி. கீழே காட்டு ரோஜா, மேலே பூ ரோஜா. ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை கிளம்பி எல்லாச் சத்தையும் இழுத்துக்கொள்ளும். தண்டில் புடைப்பாக இருக்கும் ஒட்டுப் பகுதியைத் தேடி, அதற்குக் கீழே முளைத்ததை அடியோடு கிள்ளுங்கள். ஒட்டுக்கு மேல் இருந்தது ஏற்கெனவே செத்துப்போயிருந்தால் புதுச் செடிதான்.

கோடையில் பூ சிறுத்து, நிறம் வெளுத்து வருவது இயல்பு. அப்போது உரம் போட்டு விரட்டாதீர்கள். மழை ஓய்ந்ததும் வெட்டிவிட்டு எரு வைத்தால் தை, மாசியில் இந்த ஊருக்கு அது கொடுக்க முடிந்ததைக் கொடுக்கும்.

மல்லிக்கு எப்ப கவாத்து?

கார்த்திகை மழை விட்டதும், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். இலையையும் உருவிவிட்டுக் கொஞ்ச நாள் தண்ணீரைக் குறையுங்கள், அப்புறம் எரு வைத்துத் தண்ணீரை ஏற்றுங்கள். பங்குனி, சித்திரையில் தொடுக்க ஆள் தேடுவீர்கள். வெயிலை விரும்புகிற பூ அது, வலைக்குள் வைக்க வேண்டாம்.

செம்பருத்தியில வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி. மருந்து அடிச்சும் போகல.

மாவுப்பூச்சி. அதன் மேல் மெழுகு இருப்பதால் மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும். முதலில் அடர்த்தியாகப் பிடித்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மீதியை உதிர்த்துவிடுங்கள். அதன்பின் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று வாரம். பகலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும். எறும்பு வரிசையையும் நிறுத்த வேண்டும், பூச்சி கசியும் தேனுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

கடும் விஷமருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. 2008 வாக்கில் தமிழ்நாட்டுக்குள் வந்து ஆட்டிப்படைத்த பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. மருந்துக்கு அடங்காத அது, 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட ஒரு சின்னஞ்சிறு குளவிக்குத்தான் அடங்கியது. அந்த மாதிரிக் கூட்டாளிகளை நாமே கொல்லக் கூடாது.

அரளி விஷமாச்சே, வீட்ல வெக்கலாமா? முல்லைக்குப் பாம்பு வருமாமே?

அரளியின் இலை, பூ, பால், குச்சி எல்லாமே விஷம்தான். கைக்குழந்தை இருக்கிற வீட்டிலும், ஆடு மாடு எட்டுகிற வேலியிலும் வைக்காதீர்கள். வெட்டிய குச்சியை எரிக்காதீர்கள், வெட்டியதும் கை கழுவுங்கள். அடீனியத்தின் பாலும் அப்படித்தான்.

பாம்பு முல்லை வாசத்துக்கு வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வருகிறது. செடிக்கு அடியில் உடைந்த தொட்டியையும் பழைய பலகையையும் அடுக்கி வைக்காதீர்கள்.

முன்னாடி கொஞ்சம் புல் தரை போட்டா அழகா இருக்கும்ல?

பத்தடிக்குப் பத்தடிப் புல் தரை கோடையில் ஒரு நாளைக்கு 45, 50 லிட்டர் தண்ணீர் கேட்கும். குடம் வரிசையில் நின்ற ஊர் இது, எனக்கு மனசு வராது. அதே இடத்தில் பத்துமணிப்பூவைக் கிள்ளிக் கிள்ளி ஊன்றுங்கள். இரண்டு மாதத்தில் தரை மூடிவிடும், தண்ணீரும் கால்வாசிதான்.

மே மாசம் பத்து நாள் ஊருக்குப் போறோம், செடியை யார் பாக்குறது?

பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் சிறந்த கருவி. கிடைக்காவிட்டால் தொட்டிகளை வடக்குச் சுவர் நிழலில் நெருக்கி வையுங்கள், மூடாக்கைத் தடிமனாக்குங்கள், பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். தரைச் செடிக்குப் பக்கத்தில் மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடிவிட்டுப் போகலாம், கசிவிலேயே செடி தாங்கும். அடீனியத்தையும் பாம்புக் கற்றாழையையும் பற்றிக் கவலையே வேண்டாம். மழைக்காலத்தில்தான் அடீனியத்தைக் கவனிக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய வாரத்தில் என் ஏழு அடீனியமும் கிழங்கு அழுகிப் போயின. இப்போது ஐப்பசி பிறந்தால் அவை போர்டிகோவுக்குள்.

நீங்க சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன். அந்த ஒரு மூலையில மட்டும் எது வெச்சாலும் சாவுது. எதாவது தோஷமா?

தோஷம் தேடும் முன்னால் மதியம் மூன்று மணிக்கு அந்த மூலையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மேற்குச் சுவர் வெயிலைத் திருப்பி அடிக்கிறதா? ஏசியின் வெளிப்பெட்டி அங்கேதான் சூடு ஊதுகிறதா? துணி துவைத்த சோப்புத் தண்ணீர் அங்கே ஓடுகிறதா? மூன்றும் இல்லையென்றால் ஒன்றரை அடி தோண்டிப் பாருங்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மூலை இருந்தது. செம்பருத்தி, இட்லிப்பூ, கடைசியில் அரளிகூடப் போனது. தோண்டினால் வீடு கட்டியபோது கொத்தனார் புதைத்துவிட்டுப் போன சிமெண்டுக் கட்டியும் ஓட்டுச் சில்லும் இரண்டு கூடை வந்தன. அள்ளிப் போட்டுவிட்டுப் புது மண் நிரப்பினேன். காகிதப்பூ பிடித்துக்கொண்டது, மற்றதெல்லாம் மறுபடியும் போயின. அங்கே சூடு ஊதுகிற ஏசி பெட்டியை நகர்த்த வீட்டில் சம்மதிக்கவில்லை. இப்போது காகிதப்பூவுக்குப் பக்கத்தில் துணி காயப்போடும் கம்பி கட்டியிருக்கிறேன். அரை மணியில் காய்ந்துவிடுகிறது.